ஆன் ஆகாத பெட்டியின் முன் உட்காரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் டெல் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. நிறுவனத்துக்குப் புகார் போனது. பெட்டிகளைப் பரிசோதித்த நிறுவனம் ஒரு விளக்கம் தந்தது: கணிதத் துறையினர் மிகக் கடினமான கணக்குகளைப் போட வைத்து, இயந்திரங்களிடம் அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டார்களாம். கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரம் கணக்குப் போட்டதால் செத்துப்போனது என்ற இந்த விளக்கம், 2010-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி ஒன்றில் பதிவாகியிருக்கிறது. உண்மைக் காரணம் மதர்போர்டில் நின்றிருந்த சுண்டுவிரல் நுனி அளவு கெப்பாசிட்டர்கள். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் பெட்டிகளுக்கு இந்தக் கோளாறு வரக்கூடும் என்று அந்தச் செய்தி சொன்னது. டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனம் வைத்திருந்த 1,000 கணினிகளைச் சரிசெய்து கொடுக்கவும் டெல் முரண்டு பிடித்தது என்பது அதே செய்தியில் வரும் உபகதை.

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் நம் ஊர் சர்வீஸ் கடைகளில் நாள்தோறும் காதில் விழும் "வைரஸ் சார்", "மதர்போர்டு போச்சு சார்", "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" மூன்றும் இதே ரகம்தான். பெட்டியைத் திறக்கும் முன்பே காரணம் தயாராக இருக்கிறது. நீ இந்தத் தொழிலுக்குப் புதிது. கைக்கு ஸ்க்ரூடிரைவர் பழகுகிற வேகத்தில் வாய்க்கு இந்த வசனங்களும் பழகிவிடும். அதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடு. ஏன் நின்றது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதுவரை வந்து நின்றது என்று முதலில் கண்டுபிடி. இந்தக் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பெட்டியைக் கொண்டுவருகிறவர் "ஆன் ஆகல" என்பார். அதற்குள் நான்கைந்து வேறு வேறு நோய்கள் இருக்கும். பொத்தானை அமுக்கினால் விளக்கே எரியாமல் கிடப்பதும் "ஆன் ஆகல"தான். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்பதும் அதுதான். கம்பெனி பெயர் வந்து அப்படியே உறைந்து நிற்பதும், விண்டோஸ் பாதி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் அதுதான். எனவே அவர் முன்னாலேயே ஒருமுறை அமுக்கிப் பார். டிஸ்க்கில் கடகட சத்தம் இருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் வேண்டாம். அதைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறது.

பிறகு கதை கேள். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அன்று மின்சாரம் போய் வந்ததா, இடி இடித்ததா, யாராவது திறந்தார்களா. "யாரும் கை வைக்கலை" என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒருவர் கூடுதல் ரேம் போட்டுப் பார்த்திருப்பார். இன்னொருவர் வீட்டைக் கழுவும்போது பெட்டியை நகர்த்தியிருப்பார். ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைக்கு வரும் பெட்டிகளில், ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் தளர்ந்த கேபிளையும், காற்றோட்ட ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் சந்தனத்தையும் தாராளமாகப் பார்க்கலாம்.

இப்போது அந்த "எதுவரை" என்பதற்கு வருவோம். பொத்தானை அமுக்கியதும் கணினி சட்டென்று விழித்துக்கொள்வதுபோல் தெரிந்தாலும், உள்ளே அது படிப்படியாகத்தான் எழுகிறது. சுவரில் பிளக்கைச் செருகியதுமே, பெட்டிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்து காத்திருக்கும். முன்பக்கப் பொத்தானை அமுக்கினால் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டுக்கு இழுக்கும். அதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட்டைத் திறந்துவிடும். மூன்றும் நிலைப்பட்ட பிறகு சாம்பல் நிற ஒயரில் "மின்சாரம் சரி" என்ற சைகை போகும். அதுவரை பிராசசர் ரீசெட்டில் கட்டுண்டு கிடக்கும். சைகை வந்ததும் பயாஸ் சிப்பில் உள்ள முதல் கட்டளையைப் படிக்கும். பயாஸ் ரேமைச் சோதிக்கும், டிஸ்ப்ளேயை எழுப்பும், டிஸ்க்குகளைத் தேடும். கடைசியில் ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டை ரேமுக்குக் கொண்டுவந்து, அதன் இறுதி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று பார்த்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். அங்கிருந்து விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் என்டிஎல்டிஆர், விஸ்டாவும் அதற்குப் பிந்தியதுமாக இருந்தால் பூட் மேனேஜர். 1983-இல் ஹார்டு டிஸ்க்கோடு வந்த ஐபிஎம் எக்ஸ்டி காலத்திலிருந்து, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ பரவும்வரை இந்தக் கடைசிப் படி கிட்டத்தட்ட மாறவே இல்லை.

ஒவ்வொரு படியும் வெளியே ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. விளக்கு, ஃபேன், பீப், திரையில் எழுத்து, டிஸ்க்கின் சத்தம். கடைசியாகத் தெரிந்த அடையாளத்துக்கும் அடுத்து வந்திருக்க வேண்டிய அடையாளத்துக்கும் நடுவில்தான் உன் கோளாறு இருக்கிறது. திரையில் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வந்துவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்., பிராசசர், டிஸ்ப்ளே எல்லாம் தங்கள் வேலையை முடித்துவிட்டன. ரேமைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பது வீண். சொல்லப்போனால் அந்த வரியைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்க யூஎஸ்பி. யாரோ செருகிவிட்டு மறந்த பென் டிரைவிலிருந்து பெட்டி எழுந்திருக்கப் பார்த்திருக்கும். ஃபிளாப்பி காலத்திலும் இதே கதைதான், பொருள் மட்டும் வேறு.

விளக்கே எரியவில்லை என்றால் பெட்டிக்கு வெளியேதான் தேடலைத் தொடங்க வேண்டும். சுவர் சுவிட்ச், யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பவர் கார்டு. பிறகு முன்பக்கப் பொத்தான்: பத்து வருடம் அமுங்கிய பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். மதர்போர்டில் அதன் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் தெரிந்துவிடும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் ஃபேன் சுற்றியது என்பதற்காக எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடாதே. சுமை இல்லாதபோது 12 காட்டும் மஞ்சள் ஒயர், போர்டில் மாட்டியதும் 10.8-க்குச் சரியலாம். மாட்டிய நிலையிலேயே மீட்டரை வைத்துப் பார். ஐந்து சதவீதம் மேலே கீழே போகலாம் என்பது ஏடிஎக்ஸ் விதி: 12-க்கு 11.4 முதல் 12.6 வரை, 5-க்கு 4.75 முதல் 5.25 வரை.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லிவிட்டு நகரலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றின் பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு வேலை முடிந்துவிடும். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், பெட்டியில் கோளாறு தேடும் முன் அவர்கள் வீட்டு எர்த்தைப் பார். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் கை உணரும். மூன்றாவது, எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. உன்னிடம் அதிகம் வரப்போவது இதுதான். மானிட்டர் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியில் கேபிளை மதர்போர்டின் விஜிஏ போர்ட்டில் செருகிவிட்டு மூன்று நாள் தவித்தவர்கள் உண்டு. அடுத்தது ரேம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதன் தங்க முலாம் விளிம்பில் மெல்லிய படலத்தை ஏற்றிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி தூரமாக வைத்துத் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி மாட்டு. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக.

ரப்பர் வைத்தியத்தில் எழுந்திருக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் கழற்றிவிடு. மதர்போர்டு, பிராசசர், அதன் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்., ஒரு சின்ன ஸ்பீக்கர். இவ்வளவுதான் மேசையில் இருக்க வேண்டும். ரேமும் வேண்டாம். இப்போது ஆன் செய். ரேம் இல்லை என்று போர்டு பீப் அடித்துக் கத்தினால் சந்தோஷப்படு: பிராசசர் ஓடுகிறது, பயாஸ் சிப் படிக்கப்படுகிறது, போர்டின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை என்றால் கோளாறு அதற்கு முந்திய படியில். நிறைய கேபினெட்டுகளில் ஸ்பீக்கரே வைப்பதில்லை என்பதால், நான்கு பின் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் டீச்செலவில் கிடைக்கும்.

பீப் எண்ணிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ஒரு குட்டை பீப் என்றால் எல்லாம் நலம்; ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளேயில் கோளாறு. அதன் பிறகு ஏஎம்ஐ ஒரு மொழி, அவார்டு ஒரு மொழி, ஃபீனிக்ஸ் ஒரு மொழி என்று ஆகிவிட்டது. பயாஸ் யாருடையது என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணு. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் போஸ்ட் கார்டு ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பயாஸ் ஒவ்வொரு சோதனையைத் தொடங்கும்போதும் 80 என்ற போர்ட்டுக்கு ஓர் எண்ணை எழுதும். அந்த எண்ணைக் கார்டு இரண்டு இலக்கத்தில் காட்டும். கடைசியாக எழுதிய எண்ணோடு பெட்டி உறைந்து நிற்கும்போது, எதுவரை வந்தது என்பதை அது தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது.

இந்த முறைக்கு இதைவிடப் பெரிய சோதனை எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை எனும் அளவுக்கு ஒன்று அண்மையில் நடந்தது. 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பர் 14 முதல் புரியாத சைகைகளை அனுப்பத் தொடங்கியது. கட்டளைகளைக் கேட்கிறது, உயிரோடு இருக்கிறது, பேச்சு மட்டும் குழறல். பெட்டியைத் திறக்க வழியில்லை. அது அப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். அதாவது "அமுக்கிப் பாருங்க, என்ன வருது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். தரவுகளைத் தொகுத்து அனுப்பும் கணினியில்தான் கோளாறு என்பது வரை வந்திருந்த நாசா பொறியாளர்கள், 2024 மார்ச் 1 அன்று ஒரு சின்னக் கட்டளையை அனுப்பினார்கள்: கெட்டுப்போயிருக்கக்கூடிய பகுதியைச் சுற்றிக்கொண்டு வேறு வரிசைகளில் ஓடிப் பார். மார்ச் 3 அன்று வந்த சைகையில் ஒரு பகுதி மட்டும் வித்தியாசமாக இருந்தது. பிரித்துப் படித்தால், அந்தக் கணினியின் மொத்த நினைவகமும் அதில் இருந்தது! கோளாறுக்கு முன்பு எடுத்த நினைவகப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சிப். அதை மாற்ற யாரும் போக முடியாது என்பதால், அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி நினைவகத்தின் வேறு இடங்களில் குடிவைத்தார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு போனது. 20 அன்று விண்கலம் தன் நிலைமையைப் புரியும்படி சொன்னது.

கவனி, அவர்களிடம் பழைய பிரதி இருந்தது. உன்னிடம் வரும் பெட்டிக்கு அப்படி ஒரு பிரதி இருக்காது. அதனால்தான் எதையும் கழற்றும் முன், எதையும் மாற்றும் முன், போனில் படம் எடுக்கச் சொல்வது. பயாஸ் திரைகளையும் சேர்த்து. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்று. ரேம், எஸ்.எம்.பி.எஸ்., கேபிள் மூன்றையும் ஒன்றாக மாற்றிப் பெட்டி ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்று உனக்கும் தெரியாது, காசு கொடுப்பவருக்கும் தெரியாது.

அடுத்து வருவது விலையில் மிகச் சின்னது, சேதத்தில் மிகப் பெரியது. மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் 3 வோல்ட்டில் காப்பாற்றுவது அதன் வேலை. எட்டு, பத்து வருடப் பெட்டியில் அது செத்திருக்கும். அறிகுறி எல்லாருக்கும் தெரியும்: தேதி பின்னால் போயிருக்கும், எஃப்1 அமுக்கச் சொல்லும். தெரியாதது அதற்கு அடுத்தது. பேட்டரி செத்ததும் பயாஸ் தன் பிறவி அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தபோது விண்டோஸ் 7 போட்டிருப்பார்கள். போர்டின் பிறவி அமைப்பு ஐடிஇ என்று இருக்கும். மின்சாரம் ஒருநாள் போய் வந்தது, அமைப்பு மாறியது, விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியவில்லை. நீலத் திரையில் 0x0000007B. எக்ஸ்பியில் இது தலைகீழாகவும் நடக்கும்.

இப்போது நடப்பதைப் பார். கடையில் இருப்பவர் நீலத் திரையைப் பார்க்கிறார், "விண்டோஸ் கரப்ட்" என்கிறார், ஃபார்மட் அடிக்கிறார். புதிதாகப் போட்ட விண்டோஸ் ஐடிஇ முறையிலேயே ஏறுவதால் ஓடுகிறது. வாடிக்கையாளரின் பத்து வருடக் கணக்கு, கல்யாணப் படம், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாம் போனது. மூன்று வாரம் கழித்துத் தேதி மறுபடி பின்னால் போக, "இன்டர்நெட் வரலை சார்" என்று அவர் திரும்பி வருகிறார். பெட்டி 2009-இல் இருப்பதாக நினைப்பதால், இன்றைய இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பிரவுசர் நம்ப மறுக்கிறது. முதல் நாளே தேதியைப் பார்த்து, பேட்டரியை மாற்றி, பயாஸில் ஒரே ஒரு வரியைத் திருப்பி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இந்தத் தொழிலில் மன்னிக்கக் கடினமான தவறு எது என்று கேட்டால், பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

இன்னும் பழைய பெட்டி, அதாவது 286, 386 காலத்துப் போர்டு ஏதாவது வந்தால், ஆன் செய்யும் முன் பேட்டரியைத் தேடு. அந்தக் காலத்து நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் பீப்பாய் வடிவில் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவை கசிந்து, பச்சைப் பூத்து, சுற்றியுள்ள செம்புத் தடங்களைத் தின்றிருக்கும். முதலில் அதை வெட்டி எடுத்து இடத்தைச் சுத்தம் செய்யாமல் மின்சாரம் கொடுப்பது வீண் வம்பு.

டெல் கதையில் வந்த கெப்பாசிட்டர்களைப் பார்ப்போம். 2000-களின் முதல் பாதியில் வந்த மதர்போர்டுகளில் இது ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சரியில்லாதபோது வாயு உண்டாகி அழுத்தம் ஏறும். வெடிக்காமல் இருக்கத்தான் அதன் தலையில் பெருக்கல் குறிபோலவோ கே எழுத்துபோலவோ கோடு கீறியிருக்கிறார்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அது முடிந்தது. பிராசசர் சாக்கெட்டைச் சுற்றி நிற்பவற்றை டார்ச் அடித்துச் சாய்வாகப் பார். தைவானின் மலிவுச் சரக்குதான் காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். ஆனால் டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270-இல் செத்தவற்றில் ஜப்பானின் நிச்சிகான் தயாரிப்புகளும் உண்டு. பேர்பெற்ற கம்பெனிப் பெயர் பொறித்திருக்கிறது என்று டார்ச்சை அணைத்துவிடாதே. அந்தக் கோளாறைச் சமாளிக்க டெல் 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது.

இதன் தனி அடையாளம் ஒன்று உண்டு. காலையில் ஏழெட்டு முறை அமுக்கினால்தான் எழுந்திருக்கும். ஒருமுறை சூடேறிவிட்டால் சாயங்காலம் வரை நன்றாக ஓடும். கெட்டுக்கொண்டிருக்கும் கெப்பாசிட்டரின் உள்தடை குளிர்ந்த நிலையில் கூடுதலாகவும் சூட்டில் குறைவாகவும் இருப்பதே காரணம். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி தாங்கும் குறைந்த உள்தடை வகை. துருவம் மாறினால் வெடிக்கும். போர்டில் அச்சிட்ட அடையாளத்தை மட்டும் நம்பாமல், பழையது நின்ற திசையைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்.

கடகட சத்தம் போடும் டிஸ்க்குக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே எதுவரை வந்தது என்று பார்ப்பதற்காக மறுபடி மறுபடி ஆன் செய்வதே கேடு; ஒவ்வொரு முறையும் தலை தட்டில் இன்னும் கொஞ்சம் கீறலாம். உரிமையாளருக்கு வேண்டியது பெட்டியா, உள்ளே இருப்பதா என்று நேராகக் கேட்டுவிடு. உள்ளே இருப்பது முக்கியம் என்றால், சத்தம் போடும் டிஸ்க்கை நீ தொடாமல் டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் அனுப்பு. சத்தம் இல்லை, படிப்பதில் மட்டும் தடுமாற்றம் என்றால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழுதாக ஒரு நகல் எடு. அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். செக் டிஸ்க் போன்ற வைத்தியங்களையெல்லாம் நகலில் செய், மூலத்தில் செய்யாதே. டிஸ்க்கே தெரியவில்லை என்பதாலும் உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 2009 தொடக்கத்தில் சீகேட்டின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் பல திடீரென்று பயாஸின் கண்ணிலிருந்து மறைந்தன. தட்டில் தகவல் அப்படியே இருந்தது, ஃபெர்ம்வேரில்தான் பிழை.

தமிழ்நாட்டில் வேலை செய்கிற உனக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. அச்சகம், டிடிபி கடை, பழைய பதிப்பகம் ஆகியவற்றிலிருந்து இருபது வருடப் பெட்டிகள் இன்னும் வரும். அவர்கள் ஏன் புதிது வாங்கவில்லை என்று கேலி செய்யாதே. பேஜ்மேக்கரில் செய்த நூற்றுக்கணக்கான புத்தகங்கள் அதில் இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தமிழ் எழுத்துருக்களுக்கு அரசு தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை வரிசைப்படுத்தியிருந்தது. அந்தக் கோப்பு அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லையேல் திரையில் ஐரோப்பியக் கிறுக்கல். மை டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், நாளை அந்த அச்சகக்காரர் திறந்து பார்க்கும்போது ஒரு வரிகூடப் படிக்க முடியாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடு. சில மென்பொருள்கள் பெட்டியின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டோடு வந்தன. அந்தச் சின்ன டப்பாவை வேண்டாத கனெக்டர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது, அதை விற்ற கம்பெனி இன்று இல்லாமலும் இருக்கலாம்.

பழுது நீங்கியதும் உடனே போன் செய்து வரச்சொல்லாதே. பிளக்கைப் பிடுங்கி ராத்திரி முழுக்கக் குளிரவிட்டு, காலையில் முதல் அமுக்கிலேயே எழுந்திருக்கிறதா, தேதி சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு கொடு. கெப்பாசிட்டரும் பேட்டரியும் அந்த ஒரு சோதனையில் அகப்பட்டுவிடும். மாற்றிய உதிரிகளைக் கவரில் போட்டுக் கையில் கொடு. பில்லில் "சர்வீஸ்" என்று ஒற்றைச் சொல் எழுதாமல், எங்கே நின்றது, எதை மாற்றினாய் என்று இரண்டு வரி எழுது. அடுத்த முறை அதே பெட்டியைத் திறப்பவர் நீயாகவே இருக்கலாம். பார்ப்பதற்கான கட்டணத்தைப் பெட்டியை வாங்கி வைக்கும்போதே சொல்லிவிடு. சொல்லாவிட்டால், ஒரு மணி நேரம் தேடிப் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுக்கும்போது பேட்டரி விலையைத்தான் தருவார்கள். அந்த இடத்தில்தான் பலருக்கு "மதர்போர்டு போச்சு" என்று சொல்லும் ஆசை வருகிறது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 முதலிய தகுதிகள் இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் இனி பழைய கணக்கில் சேர்ந்து உன் மேசைக்கு வரும். அவற்றில் பலவற்றில் முதல் 512 பைட்டுக்குப் பதிலாக ஈஎஃப்ஐ பகிர்வு ஒன்று இருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் அங்கே பார். புது மதர்போர்டுகள் பலவற்றில் பீப்புக்குப் பதில் நான்கு குட்டி விளக்குகள், பிராசசர், ரேம், டிஸ்ப்ளே, பூட் என்ற வரிசையில். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடல். லேப்டாப்புகளில் அதுவும் இருக்காது. எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கும் டெல்லில் பேட்டரி விளக்கும் விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று இரண்டு சுற்று எண்ணித் தாளில் குறித்துக்கொண்ட பிறகு அடிப்பக்க ஸ்க்ரூவில் கை வை.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்த ஒருவர்